சன்ரூஃபுக்குக் காசு இருக்கு, பாப்பா சீட்டுக்கு இல்லையா?

எங்க ஆபீஸ் நண்பர் ஒருத்தருக்குப் போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த வாரமே எனக்கு போன். "செல்வமகள்ல வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் முழுசா போட்டுடவா?" அடுத்த மாசம் டேர்ம் இன்சூரன்ஸ். அதுக்கடுத்து ஏழு வருஷ லோன்ல புது கார். சன்ரூஃப் இருக்கற மாடல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கினார். முதல் ஞாயித்துக்கிழமை அழகர்கோயிலுக்குக் கிளம்பினாங்க. குழந்தை முன்சீட்ல, அம்மா மடியில.

"பேபி சீட் வாங்கலையா?"ன்னு கேட்டேன். "இந்தா இருக்கற அழகர்கோயிலுக்கு எதுக்குங்க? அதுக்குப் போயி ஒன்பதாயிரமா!"ன்னார்.

மடி எவ்வளவு பத்திரம்னு ஒரு சின்ன கணக்குப் போடுவோம். கார் 50 கிலோமீட்டர் வேகத்துல போகுது. எதுலயோ மோதி பத்துல ஒரு பங்கு வினாடியில நிக்குது. அந்த நொடியில 8 கிலோ குழந்தையைப் பிடிச்சு நிறுத்த, கிட்டத்தட்ட 110 கிலோ மூட்டையைத் தாங்கற அளவு பலம் வேணும். அம்மாவோ அப்பத்தாவோ, யார் கையும் அதைத் தாங்காது. மடியில வச்சிருக்கறவங்க பெல்ட் போடலைன்னா இன்னும் மோசம். அவங்க எடையும் குழந்தை மேலதான் விழும்.

கார் நல்ல காரா இருந்தா போதும்னு நினைக்கறவங்க 2022 செப்டம்பர் 4-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க. பால்கர் பக்கத்துல சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்து. அது விலை உயர்ந்த சொகுசு கார். முன்னாடி இருந்த ரெண்டு பேர் பலத்த காயத்தோட உயிர் பிழைச்சாங்க. பின்சீட்ல பெல்ட் போடாம இருந்ததா சொல்லப்பட்ட ரெண்டு பேரும் இறந்துட்டாங்க.

சட்டமும் இருக்கு. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 194பி: 14 வயசுக்குள்ள இருக்கற குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கார்ல கூட்டிட்டுப் போனா 1,000 ரூபாய் அபராதம். மாட்டுத்தாவணியில யாராவது இதுக்காக மடக்கி நான் பார்த்ததில்லை. அதனாலதான் நமக்கு இப்படி ஒரு சட்டம் இருக்கறதே தெரியலை.

இப்ப காசு விஷயம். பிறந்ததுல இருந்து மூணு வயசு தாண்டியும் உதவற கன்வர்டிபிள் சீட் ஒன்று 9,000 ரூபாய்க்கு வாங்கறீங்கன்னு வைங்க. 36 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 250 ரூபாய். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்குப்படி, சரியா மாட்டின சீட், ஒரு வயசுக்குட்பட்ட குழந்தை கார் விபத்துல இறக்கற அபாயத்தை 71 சதவீதம் குறைக்குது. டேர்ம் இன்சூரன்ஸ் வேணாம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நாம கட்டற எந்த பாலிசியும் விபத்து நடக்கற நொடியில குழந்தையைப் பிடிச்சு நிறுத்தாது. புது கார் புக் பண்றப்ப டீலர் நீட்டுற ஆக்சஸரி லிஸ்ட்ல ரெண்டை அடிச்சாலே இந்தக் காசு வந்துரும். முதல்ல அடிக்க வேண்டியது தடிமனான சீட் கவர். பின்சீட் சாய்வுக்குக் கீழ இருக்கற ஐசோஃபிக்ஸ் கொக்கி ரெண்டையும் அதுதான் மறைச்சுரும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்காதீங்க. இது சேமிப்பு பேசற இடம்தான், இருந்தாலும் சொல்றேன். விபத்துல ஒருதடவை அடிவாங்கின சீட்டுக்கு வெளிய கீறல்கூட தெரியாது. காலாவதித் தேதியும் உண்டு, அடியில அச்சடிச்சிருப்பாங்க. சொந்த அக்கா வீட்டுல இருந்து, முழுக்கதையும் தெரிஞ்சு வந்தா வாங்கிக்கலாம்.

வாங்கினவங்கள்லயும் பலபேர் மாட்டறதுல கோட்டை விடறாங்க. கைக்குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரணும். தலை கனம், கழுத்து பிஞ்சு; முன்னாடி பார்த்து உட்கார்ந்தா மோதற அடி முழுக்க கழுத்துக்குப் போகும். ஐரோப்பாவோட புது விதி குறைஞ்சது 15 மாசம்னு சொல்லுது. சீட்டோட எடை, உயர வரம்பு வரைக்கும் அப்படியே வச்சா இன்னும் நல்லது. பின்பக்கம் பார்க்கற சீட்டை, ஏர்பேக் வேலை செய்யற முன்சீட்ல எக்காரணம் கொண்டும் வைக்கக்கூடாது. வெடிச்சு விரியற ஏர்பேக் நேரா குழந்தை தலைக்குப் பின்னாடிதான் இடிக்கும். மாட்டின பிறகு பெல்ட் போற இடத்துல பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஒரு அங்குலத்துக்கு மேல அசையக்கூடாது. குழந்தையோட தோள்பட்டையில இருக்கற வாரை விரலால கிள்ளிப் பாருங்க. மடிப்பு பிடிபட்டா லூஸ்.

நம்ம ஊரு வெயிலையும் கணக்குல எடுத்துக்கணும். சித்திரையில தெருவுல நின்ன காருக்குள்ள பக்கிள் சுடும். மேல வெள்ளைத் துண்டு போட்டு வைங்க, உட்கார வைக்கறதுக்கு முன்னாடி கையால தொட்டுப் பாருங்க. ஏசி ஓடுதேன்னு குழந்தையை மட்டும் கார்ல விட்டுட்டு இறங்காதீங்க.

பெரிய எதிர்ப்பு வீட்டுக்குள்ள இருந்துதான் வரும். "பச்சப்புள்ளய கட்டிப்போட்டாடா கொண்டு போவீங்க?"ன்னு எங்க அப்பத்தா ஒரு நாள் முழுக்கப் பேசலை. அழுகையும் நிஜம்தான், முதல் நாலஞ்சு தடவை அழும். அப்பத்தாவைப் பக்கத்துலயே உட்கார வச்சு, கிலுகிலுப்பையைக் கையில குடுத்தோம். திருமங்கலம் தாண்டறதுக்குள்ள ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க.

கார் இல்லாம பைக்ல போறவங்களுக்கும் விதி இருக்கு. 2023 பிப்ரவரியில இருந்து நாலு வயசுக்குட்பட்ட குழந்தைக்கு உடம்போட கட்டற பெல்ட்டும் ஹெல்மெட்டும் வேணும், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது. கைக்குழந்தைக்கு ஏத்த ஹெல்மெட் கிடைக்கறது கஷ்டம். அதனால அந்த வயசுல பைக் பயணத்தையே தவிர்க்கலாம்ங்கறது என் கருத்து. கால் டாக்ஸி எடுத்தாலும் சீட்டைக் கையோட கொண்டு போங்க. பெரும்பாலான மாடலை சாதாரண பெல்ட்லயே மாட்டலாம். பழகிட்டா அஞ்சு நிமிஷ வேலை.

நண்பர் போன வாரம் சீட் ஆர்டர் பண்ணிட்டார். கலர் மட்டும் காருக்கு மேட்ச் ஆகலையாம்.