எழுத்து மாறினாலும் நாமம் மாறுவதில்லை



1611ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சான ஜேம்ஸ் அரசர் ஆங்கில வேதாகமத்தில், இயேசுவின் நாமம் இன்றுபோல் ‘ஜே’ எழுத்தில் அல்ல, ‘ஐ’ எழுத்தில் தொடங்கும். அக்கால அச்சில் அவ்விரண்டும் தனித்தனி எழுத்துகளாகப் பிரிந்திருக்கவில்லை. நம் தமிழிலும் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான வேதாகமங்களில் ‘லை’, ‘னை’ ஆகியவை யானையின் துதிக்கைபோல் வளைந்து நிற்கும். எழுத்தின் உருவம் மாறியது, அழைக்கப்பட்டவர் மாறவில்லை.

மதுக்கரையில் நம் முதியோர் எழுதித் தரும் ஜெபக் குறிப்புகளில் அப்பழைய எழுத்துகள் இன்றும் வருகின்றன. அவற்றைக் கண்டு இளையோர் நகைப்பதும், ‘செபம்’ என்று எழுதும் இளையோரை முதியோர் கடிந்துகொள்வதும் தகாது என்பதே என் கருத்து.

நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். ‘ஷிபோலேத்’ என்பதைச் ‘சிபோலேத்’ என்று உச்சரித்தவர்கள் யோர்தான் துறையில் வெட்டுண்டார்கள். அக்காலத்தில் எப்பிராயீமரில் 42,000 பேர் மடிந்தார்கள். கொன்றவர்களும் இஸ்ரவேலர், மடிந்தவர்களும் இஸ்ரவேலர். ஓர் ஒலியே சகோதரனை அந்நியனாக்கிற்று.

பிழையைத் திருத்துவது வேறு. எழுதியவரை அதைக்கொண்டு அளப்பது வேறு. வரும் ஞாயிறன்று ஒரு ஜெபக் குறிப்பு உங்கள் கைக்கு வருமானால், எழுத்தை ஆராயாதிருங்கள். அதிலுள்ள பாரத்தைச் சுமந்து ஜெபியுங்கள். நம் தேவன் எழுத்தில் அடங்காத பெருமூச்சையும் அறிகிறவர்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.