தூசும் குற்றமும்

தூசுப் புயலை இயற்கை அனர்த்தங்களின் வரிசையில் வைத்து எண்ணுவது ஒரு மரபாகிவிட்டது. காற்றுக்கு வேலியிட எவரால் இயலும், பாலைநிலம் உள்ளவிடத்துப் புழுதி எழுதல் இயல்புதானே என்பது இம்மரபின் தர்க்கம். இதற்கு மறுதலையான வேறொரு மரபும் உண்டு. புழுதி எழுந்த நிலத்தில் ஆடு மேய்த்தவனையும் விறகு பொறுக்கியவளையும் தேடிப்பிடித்து, நிலத்தைக் கெடுத்தவர் இவரே எனத் தீர்ப்பு வழங்குவது அது. முன்னது எவரையும் குற்றவாளியாக்குவதில்லை. பின்னது ஏழையை மட்டுமே குற்றவாளியாக்குகிறது. தூசினை ஆராயும் விஞ்ஞானம் இவ்விரண்டையும் ஏற்பதில்லை என்பதே எமது வாதம்.

காற்று மட்டுமே தூசுப் புயலுக்குக் காரணம் என்பது முதலிற் களையப்பட வேண்டிய மயக்கம். லிபியப் பாலைவனத்தில் அலைந்தும் காற்றுச் சுரங்கத்திற் பரிசோதித்தும் மணலின் இயக்கத்தை ஆராய்ந்த ரால்ப் பக்னோல்ட், 1941இல் வெளியிட்ட நூலில் அதன் பௌதிக அடிப்படையை வகுத்தார். மிக நுண்ணிய துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றிக் கிடப்பதால் எளிதில் எழுவதில்லை. சற்றுப் பெரிய மணல்மணிகளே முதலில் அசைகின்றன. அவை துள்ளித் துள்ளி விழுந்து தரையைத் தாக்கும்போதே நுண்தூசு விடுபட்டு மேலெழுகிறது. புல்லோ ஈரமோ இறுகிய மேலோடோ தரையைக் காக்குமாயின் அதே காற்று வெறுங்கையுடன் கடந்துபோகும். ஆகவே, காற்று எவ்வளவு வலியது என்று கேட்பதோடு, தரையை வெறுமையாக்கியது எது என்றும் கேட்டல் வேண்டும்.

இரு ஏரிப் படுகைகளை ஒப்புநோக்குவோம். சாட் நாட்டின் பொடெலே தாழ்நிலம் உலகின் மிகப்பெரிய தூசு மூலங்களுள் ஒன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு விரிந்திருந்த பேரேரி காலநிலை மாற்றத்தால் வற்ற, அதில் வாழ்ந்த நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் வெண்படிவாய் எஞ்சின. திபெஸ்தி, என்னெடி மலைகளுக்கிடையே நெருக்குண்டு பாயும் காற்று அப்படிவை அள்ளிச் செல்கிறது. இங்கு குற்றஞ்சாட்ட எவருமில்லை. கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரியின் கதை வேறு. 1913இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் கால்வாய் வெட்டி அப்பள்ளத்தாக்கின் ஆற்றுநீரைக் கொண்டுசென்றது. 1920களில் ஏரி பெரும்பாலும் வற்றியது. உப்பும் ஆர்செனிக்கும் கலந்த தூசு பள்ளத்தாக்கு மக்களின் மூச்சிற் கலந்தது. பல தசாப்தங்கள் கழிந்தபின், சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் அந்நகரம் இருநூறு கோடி டொலருக்கு மேல் செலவிட்டு, படுகையில் நீர் பரப்பியும் சரளைக்கல் இட்டும் செடி வளர்த்தும் தூசைப் பெருமளவு தணித்தது. நகரம் ஒன்றின் கணக்கேட்டிற் செலவாக எழுதி அடக்கக்கூடிய ஒன்றை இயற்கையின் சீற்றம் என்று எவ்வாறு அழைப்பது?

இக்குற்றம் ஒரு பொருளாதார முறைக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் பெருஞ்சமவெளியிற் கோதுமை இலாபத்துக்காகப் புல்நிலம் உழுது புரட்டப்பட்டது. வரட்சி வந்தபோது, 1935 ஏப்ரல் 14இல், பகல் இருளாகியது. சோவியத் ஆட்சி பருத்திக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பியது. 1960களிலிருந்து சுருங்கிய ஏரல் கடலின் அடித்தளம் உப்பும் விவசாய இரசாயன எச்சங்களும் பறக்கும் பாலைவனமாயிற்று. சந்தையும் திட்டமிடலும் இவ்விடயத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல.

இனி மேய்ப்பர் மீதான வழக்கு. 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய சாஹெல் வரட்சியின்போது, அத்திலாந்திக்கைக் கடந்து பார்படோஸ் தீவை அடைந்த தூசு பன்மடங்கு பெருகியதை ஜோசப் புரோஸ்பெரோ 1965 முதல் எடுத்துவந்த அளவீடுகள் காட்டின. மிகை மேய்ச்சலே வரட்சியை விளைவித்தது என்ற கருத்து 1970களில் ஓங்கி ஒலித்தது. பின்வந்த ஆய்வுகளோ அவ்வரட்சிக்குத் தலையாய காரணம் சமுத்திர மேற்பரப்பு வெப்பநிலை மாற்றமே எனக் கண்டன. தரையின் நிலை அதனைத் தீவிரப்படுத்தியிருக்கலாம். ஆயினும் மழையைத் தடுத்தவன் மேய்ப்பன் அல்லன்.

தூசு என்பது ஒரே பொருளுமன்று. குவாட்ஸ், இலைற்று, கயோலினைற்று, கல்சைற்று, ஏமற்றைற்று எனப் பல கனியங்களின் கலவை அது. சாஹெல் மண்ணிற் கயோலினைற்று மிகுதி. வட சகாராவில் இலைற்றும் கல்சைற்றும் மிகுதி. துணிக்கையை ஆராய்ந்தே அது புறப்பட்ட நிலத்தை உய்த்துணரலாம். செந்நிற ஏமற்றைற்று ஒளியை உறிஞ்சி வளியை வெப்பமாக்கும். வெளிர்நிறக் கனியங்கள் ஒளியைச் சிதறடித்துக் குளிர்விக்கும். எனினும் காலநிலை மாதிரிகள் பல நெடுங்காலம் தூசனைத்தையும் ஒருதன்மையதாகவே கொண்டன. வரண்ட நிலங்களின் கனியங்களை விண்ணிலிருந்து பகுத்தறிய 2022 யூலையில் ‘எமிட்’ என்னும் கருவி சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. மூலத்துக்கு மூலம் தூசு வேறுபடுமெனின், பொறுப்பும் மூலத்துக்கு மூலம் வேறுபடும்.

இயற்கைத் தூசே பெரும்பங்கு என்று சிலர் மறுக்கக்கூடும். உண்மைதான். ஆண்டுதோறும் வளிமண்டலத்திற் சேரும் ஏறத்தாழ 200 கோடி தொன் மணலிலும் தூசிலும் குறைந்தது காற்பங்கு மனிதச் செயலால் விளைவது என ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மதிப்பிடுகின்றன. முக்காற்பங்கு இயற்கையானது என்பதற்காக எஞ்சிய காற்பங்கை மன்னிக்க முடியுமா? நோய் இயற்கையானது என்பதற்காக நஞ்சூட்டியவனை எவரும் விடுவிப்பதில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2023இல் யூலை 12ஐ மணல், தூசுப் புயல்களை எதிர்க்கும் தினமாகப் பிரகடனஞ் செய்தது. நாள் குறித்தலால் மட்டும் நீர் திரும்பிவிடாது. துணிக்கையை நிறுத்து அளப்பது விஞ்ஞான பீடத்தாரின் பணி எனில், அந்த ஆற்றைத் திருப்ப ஆணையிட்டவர் எவர், இலாபம் எவருக்கு, இருமல் எவருக்கு என்று கேட்பது கலைப்பீடத்தாராகிய எமது பணி. வரலாறும் பொருளியலும் புவியியலும் பயிலும் நாம் அக்கேள்விகளைக் கேளாதொழிந்தால், குற்றம் முழுவதும் காற்றின் தலையிலேயே சுமத்தப்படும்.