சக்கரம் வைத்த வீட்டுக்குச் சில்லறை வைத்தியம்

மலைக்குப் பிரயாணம் என்றால் ஒரு காலத்தில் ஹோல்டாலும் கூஜாவும் போதும். இப்போது படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் வண்டிக்குள்ளேயே அமைத்துக்கொண்டு வீட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். கேரள அரசாங்கம் 2021-ல் இதற்கென்றே ஒரு திட்டம் போட்டு, அடுத்த வருஷமே வாகமண்ணில் இந்த மாதிரி வண்டிகள் தங்க ஓர் இடமும் ஏற்பட்டுவிட்டது. உங்கள் வீட்டிலும் பழைய வேன் ஒன்றை வாங்கி, தச்சரைக் கூப்பிட்டுப் படுக்கை போட்டு, "ஏலமலைக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம்" என்று பேச்சு நடக்கிறதா? சந்தோஷம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகள் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எல்லாம் நாமே செய்யக்கூடிய வேலைதான்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு சுமார் 26 கிலோமீட்டர். அதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அலமாரிக் கதவு திறந்துகொண்டு, மிளகாய்ப்பொடி டப்பா மடியில் வந்து விழும்! ஆட்டத்தில் கீலின் திருகாணிகள் கழன்றுபோவதுதான் காரணம். திரும்பத் திரும்ப முடுக்கியும் திருகாணி நிற்காமல் சுற்றுகிறதென்றால், துவாரம் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். மருந்து உரித்த இரண்டு மூன்று தீக்குச்சிகளைப் ஃபெவிகாலில் தோய்த்துத் துவாரத்தில் செருகி, வெளியே நீட்டியிருப்பதை ஒடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி காய்ந்ததும் அதே திருகாணியை முடுக்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது ஒழுக்கல். கீழே போடியில் வெயில் காயும்போதே மேலே சாரல் அடித்துக்கொண்டிருக்கும். படுக்கையின் மேல் சொட்டுகிறதே என்று அதற்கு நேர் மேலே அடைத்தால் பிரயோஜனமில்லை. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, தகரத்தின் அடியிலேயே ஓடி, இன்னோரிடத்தில் சொட்டும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். மற்றவர் வெளியிலிருந்து செம்பால் தண்ணீர் ஊற்றட்டும். முதலில் ஜன்னலின் கீழ் விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியில் கூரை என்று கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே ஊற்ற ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து, குற்றவாளி யாரென்றே தெரியாது. இடம் அகப்பட்டதும் பழைய பசையைச் சுரண்டி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டுப் புதுப் பசை வையுங்கள். ஈரத்தின் மேல் வைத்த பசை எந்தக் கம்பெனியுடையதானாலும் பிடிக்காது.

கதவு ஓரத்து ரப்பரைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. ரப்பர் ஒட்டிக்கொள்கிறதே என்று தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், உப்பிக் கெட்டுவிடும். முகப் பவுடர் கொஞ்சம் தடவினால் போதும்.

இனி பூட்டு விஷயம். விலை உயர்ந்த பூட்டாக வாங்கிவிட்டு, அதை மாட்டும் கொண்டியை நாலு சின்னத் திருகாணியில் தொங்கவிடுவார்கள். திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். திருகாணியைக் கழற்றிவிட்டுப் போவான். திருகாணிக்குப் பதில் போல்ட் போட்டு, நட்டு வண்டியின் உள்பக்கம் வரும்படி முடுக்கச் சொல்லுங்கள். தள்ளும் ஜன்னலுக்கு இன்னும் சுலபம்: மூங்கில் குச்சி ஒன்றை அளவாக நறுக்கிக் காடியில் கிடத்திவிட்டால், வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் நகராது. மனிதர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். மலைப் பாதைக் குரங்குகள் ஜன்னலைத் திறப்பதில் நம் குழந்தைகளைவிடக் கெட்டிக்காரர்கள்! சாவி சிக்கினால் பூட்டுக்குள் எண்ணெய் விடாமல், பென்சில் கரியைச் சுரண்டித் தூவுங்கள். எண்ணெயில் தூசி சேர்ந்து மறுபடியும் இறுகும்.

சரிவில் நிறுத்தினால் ஹாண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். கியரிலும் போட்டு, சக்கரங்களுக்கு இறக்கத்துப் பக்கமாகக் கட்டை வைக்க வேண்டும். புறப்படும்போது கட்டைகளை எடுத்தாயிற்றா என்று பார்க்கும் வேலையைப் பையன் ஒருவனிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதில் தப்பினால் சாமான்தான் போகும். இனிச் சொல்வதில் தப்பினால் உயிர் போகும்.

2024 டிசம்பரில், கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவான் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு, வண்டியின் தளத்திலிருந்த ஒரு துவாரத்தின் வழியாக உள்ளே வந்திருக்கிறது என்று நிபுணர்கள் சோதித்துக் கண்டார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்பவும் எழுப்பாது. ஆகவே வண்டியின் தளத்தை ஒரு தடவை குனிந்து பாருங்கள். பழைய இருக்கை கழற்றிய ஓட்டை, ஒயர் நுழைத்த ஓட்டை எல்லாவற்றையும் தகடு வைத்து அடையுங்கள். அடைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொள்வதும் அதே ஆபத்துத்தான். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. இந்த வாயு சேர்ந்தால் மணியடிக்கும் கருவி ஒன்றும் விற்கிறது. திரைச் சீலைக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் குறைத்து அதை வாங்கி மாட்டிவிடுங்கள்.

ஆனால் ஒன்று. காஸ் சிலிண்டர் வைத்திருக்கும் பெட்டியின் அடியில் உள்ள துவாரத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும்; அது வெளியேறத்தான் அந்த வழி. "எறும்பு வருகிறது" என்று அதில் துணி திணித்து வைத்திருந்த ஒரு வீட்டு வண்டியை நானே பார்த்திருக்கிறேன். ரெகுலேட்டரும் குழாயும் சேருமிடத்தில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி கிளம்பினால் அடுப்பைப் பற்றவைக்காமல் சிலிண்டரை மூடிவிட வேண்டும். போடியில் காஸ் அடுப்புப் பழுது பார்ப்பவரிடம் காட்டிக் குழாயை மாற்றிக்கொண்ட பிறகு மலை ஏறுங்கள். மேலே போய்த் தேடினால் பாதி நாள் போய்விடும்.

அப்புறம், மேலே ஏலக்காய் வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இறுக மூடிவையுங்கள். மலை ஈரத்தில் பச்சை நிறம் வெளுத்துவிடும்.