மாத்திரை மந்தமாக்கினால் பிள்ளை மொக்கா?

நம்ம நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் வலிப்பு உள்ள பிள்ளைக்கு ரெண்டு பட்டம். விழுந்து துடித்தால் "காக்கா வலிப்பு". மாத்திரை குடித்து விழாமல் இருந்தால் "மொக்கு, படிப்பு ஏறல". முதல் பட்டம் தப்பு என்று ஓரளவுக்குப் பேசியாச்சு. ரெண்டாவதை இன்னும் ஸேர்மாரே சொல்கிறார்கள்.

வலிப்பு வரும்போது மூளையின் நரம்புக் கலங்கள் கட்டுமீறித் துடிக்கின்றன. மாத்திரை அதை அடக்குகிறது. பாடம் பதிவதும் அதே கலங்களில்தான். அதனால் சில மருந்துகள் கவனத்தையும் ஞாபகத்தையும் சேர்த்தே மந்தமாக்கும். 1912இல் பாவனைக்கு வந்த பினோபாபிட்டல் இதில் பேர்போனது. மலிவு என்பதால் ஏழை நாடுகளில் இன்னும் கொடுக்கப்படுகிறது. டோபிராமேட் குடிப்பவர்கள் சிலருக்குத் தெரிந்த சொல்லே வாய்க்கு வராது. லமோட்ரிஜினில் இந்தத் தொல்லை குறைவு. அளவு கூடினாலும், ரெண்டு மூணு மருந்து சேர்ந்தாலும் மந்தம் கூடும். டொக்டர்மாருக்கு இதெல்லாம் பழைய செய்தி. பிள்ளையின் அம்மாவுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

எப்படிச் சொல்வார்கள்? பசறை, பதுளை என்று பஸ் ஏறி கிளினிக்குப் போனால் அம்மாவுக்கு அன்றைய பேர் போச்சு. காலையிலிருந்து வரிசையில் நின்று உள்ளே போனால் ஒரே கேள்வி: "வலிப்பு வந்ததா?" இல்லை என்றால் அதே மருந்து, அடுத்த திகதி. பிள்ளைக்கு ஞாபகம் எப்படி என்று கேட்க நேரமும் இல்லை, பல நேரம் தமிழும் இல்லை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. கிளினிக் மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை!

"வலிப்பு நின்னாப் போதாதா?" என்பார்கள். போதாது. நேற்றுப் படித்தது இன்று நிற்காத பிள்ளை பரீட்சையில் விழும். பிறகு அதே மலையில் கொழுந்துக் கூடை. கை மந்தமாகி கிலோ குறைந்தால் அரைப் பேர்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க. திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிரே போகலாம். மறதிக்கு வலிப்பே காரணமாகலாம். தூக்கக் குறைவும் மனச்சோர்வும்கூட. எது காரணம் என்று டொக்டர்தான் பார்க்கணும், ஆனால் பார்க்கச் சொல்லி நாம கேட்கணும். அடுத்த கிளினிக்கு நம்மில் சிங்களம் தெரிந்த ஒருத்தர் அந்த அம்மாவோடு போங்க. மறதி எப்போ தொடங்கியது, எந்த மருந்து மாற்றிய பிறகு கூடியது என்று கிளினிக் கொப்பியில் ஒரு துண்டு எழுதி வைத்து, அதை டொக்டர் வாசிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பாதீங்க.