ஊசி தேயக் கேட்டவர்கள்

மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுந்த மூன்று மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவற்றின் ஸ்தானத்தில் அடுக்குக் கோபுரங்கள் உயர்ந்துகொண்டிருக்கும் இந்நாட்களில், வீட்டைக் காலி செய்யும் தமிழ்க் குடும்பங்களில் தவறாமல் எழுகிற ஒரு கேள்வி, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் இசைத்தட்டுகளையும் கேசட்டுகளையும் என்ன செய்வது என்பதாகும். பித்தளைப் பாத்திரத்துக்கு எடை உண்டு. எடைக்கு விலை உண்டு. புத்தகத்தை வாங்கிக்கொள்ள ஏதேனும் ஒரு சங்கத்தின் வாசகசாலை முன்வரக்கூடும். இவற்றுக்கோ அப்படி ஒரு போக்கிடம் இல்லை. "இதையெல்லாம் இனிமேல் யார் போட்டுக் கேட்கப்போகிறார்கள்?" என்று பிள்ளைகள் கேட்கும்போது, மறுமொழி சொல்ல இயலாமல் பெரியவர்கள் மௌனமாகிவிட, பழைய சாமான் வாங்குகிறவருடைய சாக்கு நிரம்பிவிடுகிறது. இனி யார் கேட்பார்கள் என்பதைத் தீர்மானிக்குமுன், இவை இதுவரை எத்தனை முறை கேட்கப்பட்டன, எதன்பொருட்டுக் கேட்கப்பட்டன என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலைப் பொழுதேனும் உட்கார்ந்து நினைத்துப்பார்க்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்.

கிராமபோன் காலத்தில் ஒரு பாட்டை மறுபடி கேட்பது செலவும் சிரமமும் உள்ள காரியமாக இருந்தது. காட்டுமரங்களில் பூச்சி சுரந்த அரக்கைக் கல்பொடியோடு குழைத்து வார்த்த அந்தப் பத்தங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுழன்றது. அதன் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷத்துக்குமேல் சங்கீதம் அடங்காது. அந்தப் பக்கம் முடிவதற்குள் எஃகு ஊசியின் முனை மழுங்கிவிடும். மழுங்கிய ஊசியையே திரும்ப வைத்தால் தட்டின் வரிகள் சிதையுமாதலால், 200 ஊசிகள் அடங்கிய சிறு தகரப் பெட்டியொன்று கிராமபோனுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சாவி கொடுத்து, ஊசியை மாற்றி, தூசியைத் துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு தட்டின்மேல் ஊசியை இறக்கிய அந்தக் கைகள், மறுபடி கேட்டே தீரவேண்டும் என்ற உறுதியினாலன்றி அவ்வளவு பிரயாசையை மேற்கொண்டிரா. 1933-இல், முப்பது வயது நிரம்புமுன்பே எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்தபிறகு, அவருடைய நாடகத்தைப் பார்த்தவர்களுக்கும் பாராதவர்களுக்கும் எஞ்சியது தட்டுகள் மாத்திரமே. டி.என். ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்காக விரிக்கவல்ல தோடியைச் சில நிமிஷங்களுக்குள் ஒடுக்கித் தந்த நாகஸ்வரத் தட்டு, ஊர்தோறும் கல்யாணவீடுகளிலும் கடைகளிலும் தேய்ந்துபோகும்வரை சுழன்றது. தேய்ந்த தட்டுக்குக் குடும்பங்களில் ஒரு கௌரவம் இருந்தது. கரகரப்பு மிகுந்த பக்கம் எதுவோ அதுவே அவ்வீட்டின் பிரியமான பாட்டு என்று அந்நியர்கூட அறிந்துகொள்ளலாம்.

கச்சேரி வேறு விதம். 1952-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஷண்முகானந்தா சபை, 1963-இல் மாதுங்காவுக்கும் சயனுக்கும் நடுவே தன் பெரிய அரங்கத்தைத் திறந்தபோது, 2,700-க்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் அமர்ந்து கேட்கும் வசதி பம்பாய்த் தமிழருக்குக் கிட்டியது. 1990-இல் தீவிபத்துக்குள்ளாகி, 1998-இல் மறுபடி திறக்கப்பட்ட அந்த மண்டபத்தில் நிகழ்ந்த ஆலாபனைகள் எத்தனையோ. ஆனால் ஒவ்வொன்றும் நிகழ்ந்த அன்றோடு நிறைவுற்றது. பாகவதர் மறுநாள் அதே ராகத்தை எடுத்தாலும் அது வேறொரு ராகம்போலவே பிறக்கும். கச்சேரியின் மகிமையே அதுதான். தட்டோ, ஒரு தினத்தில் ஒருவர் பாடியதைச் சற்றும் பிசகாமல் திருப்பித் தருகிறது. இதைச் சங்கீதத்துக்கு விரோதமென்று அக்காலத்து வித்துவான்கள் சிலர் எண்ணினார்கள். அவர்களிடம் நமக்கு மரியாதை உண்டாயினும், கேட்கும் காது ஒரே முறையில் முழுவதையும் பெற்றுவிடுகிறது என்பதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. முதல் தடவை குரலைக் கேட்கிறோம். ஐந்தாறு தடவைக்குப் பின்னரே, பாடகருக்கு ஒரு சுவாசம் பின்னால் வந்துகொண்டிருக்கும் வயலின் காதில் விழுகிறது. அதற்கும் பின்னர்தான் மிருதங்கக்காரர் எந்த இடத்தில் வேண்டுமென்றே கையை நிறுத்தினார் என்பது புலப்படுகிறது. குருகுலவாசத்துக்கு வழியில்லாமல் பம்பாயில் உத்தியோகம் பார்த்துவந்த எத்தனையோ பேர், ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களைத் தட்டிலிருந்தே பாடம் பண்ணினார்கள். ஊசியை அதே இடத்தில் தூக்கித் தூக்கி வைத்துத் தட்டைப் பாழ்பண்ணினார்கள் என்றுகூடச் சொல்லலாம். அவ்வாறு பாழான தட்டு வீணான தட்டு என்று எவரும் சொல்லமாட்டார்.

ஷண்முகானந்தா அரங்கம் திறந்த அதே 1963-ஆம் ஆண்டில்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டை எச்.எம்.வி. வெளியிட்டது. பதினைந்தாம் நூற்றாண்டினரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றியதும், திருமலையில் வைகறைதோறும் ஓதப்பட்டுவந்ததுமான அந்த ஸ்தோத்திரத்தை, மகள் ராதா விஸ்வநாதன் உடன்பாட, எம்.எஸ். பாடினார். அத்தட்டினால் வந்த ராயல்டித் தொகையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கே அளித்துவிட்டார். உலகில் எந்த இசைத்தட்டு ஒரு வீட்டில் அதிக முறை ஒலித்தது என்று எவரேனும் ஆராயப் புகுந்தால், மாதுங்காவின் வீடுகள் சிலவற்றுக்குள் வந்துபோகாமல் அந்த ஆராய்ச்சி முடிவுபெறாது என்பது நம் எண்ணம். நாளுக்கு ஒரு தடவை வீதம் நாற்பது வருஷம் என்று வைத்துக்கொண்டாலே 14,600 தடவை ஆகிறது. பம்பாயின் இயல்புக்கு ஏற்ப அது அங்கே கடிகாரமாகவும் உபயோகப்பட்டது. நாற்பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ 20 நிமிஷம் ஓடும் அந்தத் தட்டில், பிரபத்தி தொடங்கும்போது குக்கர் இறங்கியிருக்க வேண்டும், மங்களாசாஸனம் வருவதற்குள் டிபன் பாக்ஸை மூடியாகவேண்டும், அது முடியும்போது ஆபீஸுக்குப் போகிறவர் செருப்பில் கால் நுழைத்தால்தான் வழக்கமான லோக்கல் ரயிலைப் பிடிக்கலாம் என்று மாமிமார் கணக்கு வைத்திருந்தார்கள். காப்பி கலக்கிக்கொண்டே கேட்பது கேட்பதாகுமா என்று வினவுவோர் உண்டு. ஆகும் என்றே நாம் சொல்வோம். அர்த்தம் தெரியாமல், கவனமும் இல்லாமல், அடுக்களை வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்ற குழந்தைகள், ஓர் எழுத்தும் தவறாமல் அந்த ஸ்தோத்திரத்தை மனனம் செய்துவிட்டார்கள். அவர்களில் பலர் பிற்காலத்தில் கடல் கடந்து சென்று, தங்கள் வீட்டிலும் அதையே காலையில் ஒலிக்கவிட்டார்கள். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டுவந்த கேசட்டு நம் வீடுகளைச் சேர்ந்தபோது அந்த சுப்ரபாதத்தைக் கேசட்டாக வாங்கினோம். 1982-இல் பிறந்த சீடி இங்கே வந்தபோது சீடியாக வாங்கினோம். கையில் உள்ள ஒன்றையே திரும்பத் திரும்ப விலை கொடுத்து வாங்குவதற்கு, அதனோடு கூடிய வாழ்க்கையை விட மனமில்லாமை தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

செம்பூரில் சேடா நகர் முருகன் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்துக்கு இதே ஸ்தானம் உண்டு. விரிக்காமல் மேலே செல்கிறோம். ஏனெனில், தாராவியைப் பற்றிச் சொல்லவேண்டியது அதிகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியார் வாழும் அந்தச் சந்துகளில், பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பமும், ஒற்றைச் செங்கல் சுவருக்கோ தகரத் தடுப்புக்கோ அப்பால் இன்னொரு குடும்பமும் இருக்கும் நிலையில், ஒருவர் சொந்தமாக வாங்கிய கேசட்டை அவர் மாத்திரம் கேட்பது என்பது நடவாத காரியம். வளைகுடா நாட்டிலிருந்து திரும்பியவர் கொண்டுவந்த டூ-இன்-ஒன் ஒரு வீட்டில் பாடினால், அந்தச் சந்து முழுவதும் அதற்குச் சொந்தம். ஒரு தாளில் பிரியமான பாட்டுக்களை வரிசையாக எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து வாங்கிவரும் பழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. அது சட்டத்துக்கு ஒத்ததா என்பது வேறு விஷயம். 60 நிமிஷ நாடாவில் எவை அடங்கும், எவற்றை விடுவது என்று நாட்கணக்கில் யோசித்துத் தயாரித்த அந்தப் பட்டியல்கள், அவற்றை எழுதியவர்களின் ரசனைக்குச் சாசனங்கள். 1987 தீபாவளிக்கு 'நாயகன்' வெளிவந்தபோது, தங்கள் நகரத்தையும் தங்கள் துயரத்தையும் திரையில் கண்டுகொண்ட ஜனங்கள், இளையராஜாவின் அந்தப் பாடல்களைக் கேசட்டு இழுபட்டுக் குரல் தடிக்கும்வரை போட்டார்கள். சுவருக்கு அந்தப்புறத்திலிருந்து, "அண்ணாச்சி, அந்தப் பாட்ட இன்னொரு தரம் போடுங்க" என்று ஒரு குரல் கேட்கும். முகம் தெரியாத அந்த விண்ணப்பத்துக்கு இணங்கி, நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி போடுவார்கள். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கவேண்டியவர்கள் பட்ட கஷ்டத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அதனால் விளைந்த சண்டைகள் கொஞ்சமல்ல. ஆயினும், ரம்ஜான் மாதத்தில் நாகூர் ஹனீபாவும், ஆடியில் எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுக்களும், எந்த விசேஷமானாலும் மைக் செட்டுக்காரர் முதலில் போடுகிற சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் துதியும், மதம் எது என்று பாராமல் எல்லாருடைய காதிலும் ஆண்டுதோறும் ஒலித்து, எல்லாருக்கும் மனப்பாடமாயின.

ஒரு பொருளை அடிக்கடி எதிர்ப்படுவதாலேயே மனிதருக்கு அதன்மேல் பிரியம் உண்டாகிறது என்று, அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் பரிசோதனைகளைக் கொண்டு எடுத்துக்காட்டினார். அது உண்மையே. ஆனால், தாராவிச் சந்தில் ஒரு பாட்டின்மேல் பிரியம் வளர்ந்ததற்கு, அதைப் போட்ட வீட்டின்மேல் இருந்த பிரியமும், ஊருக்கு ரயிலேறிப் போய்த் திரும்பாமலே போனவர்களின் ஞாபகமும் சேர்ந்தே காரணமாயின.

இவ்வளவு சொன்னபின், மற்றொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம் அலமாரிகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஓரிரு தடவைக்குமேல் ஒலித்தவை அல்ல. சங்கீத சீசனுக்குச் சென்னைக்குப் போய் வாங்கியவை, காலா கோடா ரிதம் ஹவுஸில் அது 2016-இல் மூடப்படுவதற்குமுன் ஆவலோடு பொறுக்கியெடுத்தவை, கல்யாணத்தில் பரிசாக வந்தவை ஆகிய பல, உறைகூடக் கிழியாமல் கிடக்கின்றன. இதைக் குறை என்று சொல்ல நாம் தயங்கவில்லை. வாங்கும்போது இருந்த தாகம் வாங்கியதோடு தணிந்துவிட்டால், அந்தத் தாகம் சங்கீதத்தின்மேல் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. இன்று கைத்தொலைபேசியில் கோடிக்கணக்கான பாட்டுக்கள் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. 30 விநாடி ஓடினாலே ஒருமுறை கேட்டதாக அதன் கணக்கு ஏறிவிடுகிறது. வருஷ முடிவில் யார் எதை எத்தனை தடவை கேட்டார்கள் என்ற புள்ளிவிவரமும் கிடைக்கிறது. மூன்றரை நிமிஷத் தட்டை ஊசி மாற்றிக் கேட்டவருடைய ஒருமுறைக்கும் இந்த ஒருமுறைக்கும் உள்ள தூரத்தை இளைஞர்கள் அறிந்துகொள்வது அவர்களுக்கு நல்லது. அதற்காகத் தொலைபேசியைத் தூர எறிய வேண்டியதில்லை. அதிலேயே ஒரு தொகுப்பை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை, ஒரு மாதம் அதையே கேட்டுப்பார்த்தால் போதும்.

காலி செய்யும் வீட்டுக்காரர்களுக்கு, அனுபவஸ்தர்கள் வாயிலாக நாம் அறிந்த சில விஷயங்களைச் சொல்வது கடமை. தட்டு ஓடஓடத் தேய்கிறது. கேசட்டு ஓடாமலிருந்தாலும் கெடுகிறது. சுற்றியபடியே வருஷக்கணக்கில் கிடக்கும் நாடாவில், ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் நிழலாகப் படிந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மும்பை மழையின் ஈரத்தில் வெண்பூஞ்சணம் பூக்கும். பூஞ்சணம் கண்ட நாடாவை அப்படியே கருவியில் இட்டால், கருவியின் வழியாக மற்றவற்றுக்கும் அது தொற்றுமாதலால், முதலில் உலர்த்திச் சுத்தம் செய்விக்க வேண்டும். நல்ல நாடாக்களை ஆண்டுக்கொருமுறையேனும் முழுவதும் ஓடவிட்டுத் திரும்பச் சுற்றி, நிமிர்த்தி வைக்கவேண்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளையும். ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய 2005 ஜூலை 26-இல், மித்தி நதி பெருகித் தாழ்வான பகுதிகளின் கீழ்த்தள வீடுகளுக்குள் புகுந்தபோது, சேற்றோடு போன கேசட்டுகளுக்குக் கணக்கில்லை. இப்போது வெள்ளமில்லாமலே அவை போய்க்கொண்டிருக்கின்றன. நகரத்தின் பிளாஸ்டிக்கெல்லாம் தரம் பிரிக்கப்பட்டு அரைபடுகிற தாராவிப் பதின்மூன்றாம் காம்பவுண்டு மாதுங்காவிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. வீட்டில் பதிவு செய்த பாட்டியின் குரல் சினிமாப் பாட்டுக் கேசட்டின் மறுபக்கத்தில் இருப்பது தெரியாமல் அங்கே போய்ச் சேருவதைத் தடுக்க ஒரே வழிதான் உண்டு. சாக்கில் போடுமுன் ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிக் கேட்டுவிட வேண்டும்.

வரும் இதழிலிருந்து, வாசகர்கள் தங்கள் வீட்டில் மிகுதியாக ஒலித்த ஒரு தட்டை அல்லது கேசட்டைப் பற்றி எழுதும் குறிப்புகளுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்குகிறோம். பாடியவர் யார் என்பதோடு, அதை யார் வாங்கினார்கள், எந்த வேளையில் போட்டார்கள், கூட இருந்து கேட்டவர்கள் யார், பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள் என்பவற்றையும் எழுதவேண்டும். தாராவி வாசகர்களின் குறிப்புகளை விசேஷமாக எதிர்பார்க்கிறோம். கையெழுத்து எப்படியிருந்தாலும் பாதகமில்லை. எழுத இயலாத பெரியவர்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதி அனுப்பலாம்.