திறந்த பலகையும் தெளிந்த செவியும்

ஒலிபெருக்கி இல்லாத ஊர் இக்காலத்தில் இல்லை. திருவிழாவிலும், திருமண வீட்டிலும், தேர்தற் காலத்திலும், கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலும் அதன் முழக்கமே நம்மை எதிர்கொள்கின்றது. ஆயினும் ஒலி பெருகிய அளவிற்குக் கேட்கும் இன்பம் பெருகிற்றோ என வினவின், இல்லையென்றே விடை பகர வேண்டும். நம் இல்லங்களில் வைத்திருக்கும் கருவிகளிலும் மேளத்தின் அதிர்ச்சி நெஞ்சைத் தாக்குகின்றது. பாடுவோர் வாயினின்று பிறக்கும் சொல்லோ மங்கி ஒலிக்கின்றது. சொல்லைத் தெளிவுறக் கேட்க விரும்பும் மாணாக்கர், ஆயத்தமாய் விற்கப்படும் பெட்டிகளை வாங்குவதற்கு முன், ஊர்த் தச்சரின் துணைகொண்டு திறந்த பலகை ஒலிபெருக்கி ஒன்றைத் தாமே செய்து கேட்டுப் பார்த்தல் நன்று என்பது எம் கருத்து.

ஆங்கிலத்தில் ஓப்பன் பேஃபிள் என வழங்கும் இக்கருவி மிக எளியது. அகன்ற பலகையில் வட்டத் துளையிட்டு, காகிதக் கூம்பும் காந்தமும் கம்பிச்சுருளும் அமைந்த ஒலிபெருக்கியை அதிற் பொருத்தி, பின்புறத்தை மூடாது விடுதலே அதன் இலக்கணம். இது புதுமையன்று. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பொறிவல்லாராகிய ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், இன்றைய ஒலிபெருக்கிகளுக்கு மூலமான கூம்புக் கருவியை விளக்கியபொழுதே பலகையின் இன்றியமையாமையையும் எடுத்துக்காட்டினர். 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய ரேடியோ நிலையங்கள் தொடங்கிய காலத்து, வால்வு ரேடியோப் பெட்டிகளின் பின்புறம் பெரும்பாலும் துளையிட்ட அட்டையால் மட்டுமே மறைக்கப்பட்டிருந்தது. ஆகவே நம் பாட்டன்மார் ரேடியோவிற் கேட்ட கச்சேரிகள் ஒருவகையில் திறந்த பலகையின் வழியே வந்தனவாம்.

அது தொழிற்படும் விதத்தை அறியப் பறையை நோக்குக. ஒருபுறம் தோல் போர்த்து, மறுபுறம் திறந்த வளையம் அது. தோல் முன்னே நகருங்கால் முன்புறக் காற்று நெருக்குண்ணப் பின்புறக் காற்றுத் தளர்கின்றது. ஆதலின் முன்னும் பின்னும் ஒலி மிகுந்தும், விளிம்பின் திசையிற் குறைந்தும் செல்கின்றது. திறந்த பலகையும் அத்தன்மையதே. பக்கச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி குறைதலாலும், பெட்டியும் அதனுள் அடைபட்ட காற்றும் அதிர்ந்து கலக்கும் ஓசை இன்மையாலும் குரல் தெளிவுறுகின்றது. 1957-இல் இங்கிலாந்தில் குவாட் நிறுவனத்தார் வெளியிட்ட மின்னிலை ஒலிபெருக்கியும், ஜெர்மானியராய்ப் பிறந்த பொறியறிஞர் லிங்க்விட்ஸ் வகுத்த கருவிகள் சிலவும் இந்நெறியைத் தழுவியனவே.

இதன் குறையை மறைத்தல் அறமன்று. பின்னொலி விளிம்பைச் சுற்றி வந்து முன்னொலியை அழிக்கும். 1 மீட்டர் சதுரப் பலகையின் நடுவிற் கூம்பிருப்பின், பின்னொலி ஏறத்தாழ 1 மீட்டர் சுற்றி வரவேண்டும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்வதால், சுமார் 170 அதிர்வுகளுக்குக் கீழே இவ்வழிவு மிகுந்து, அதிர்வெண் பாதியாகுந்தோறும் ஒலியழுத்தமும் பாதியாகும். ஒரு கட்டைச் சுருதியில் ஆண்மகன் பாடும் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 அதிர்வுடையது. மந்தர ஷட்ஜம் அதிற் பாதி. ஆகவே தம்புராவின் அடியொலியும் மிருதங்கத்தின் தொப்பியொலியும் மெலியும். பலகையை அகலமாக்கல், இருபுறமும் சிறகு சேர்த்தல், பெருக்கியில் தாழ்ந்த அதிர்வுகளை அளவோடு உயர்த்தல் என்பன இதற்கு ஏற்ற பரிகாரங்கள். எனினும் வீடதிர முழங்குதலே வேண்டுவார்க்கு இக்கருவி உரியதன்று.

இனி, ஒலிபெருக்கியைச் சோதிக்குமாறு கூறுவோம். கடையில் உரக்க ஒலிப்பதே உயர்ந்ததெனத் தோன்றும். ஆதலின் ஒப்பிடும் இரண்டையும் ஒரே உரப்பில் வைத்தல் முதல் விதி. வீட்டில் ஒருவர் வாசிப்பதைப் பதிவு செய்து, அவர் குரலையும் கருவியின் குரலையும் மாறி மாறிக் கேட்டல் இரண்டாவது விதி. கருவியைச் சுவரினின்று 1 மீட்டரேனும் தள்ளி நிறுத்தி, நாம் நாள்தோறும் அமரும் அறையிலேயே கேட்டல் மூன்றாவது விதி. நம் சிற்றாலயத்திற் பாடப்பெறும் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை ஒலிக்கச்செய்து, மனப்பாடமில்லாத நண்பர் ஒருவர் அதன் சொற்களைப் பிழையின்றி எழுதுகின்றாரா எனப் பார்த்தல் எல்லாவற்றினும் சிறந்த பரீட்சை. மிருதங்கத்தின் இனிமைக்குக் காரணத்தைச் சர் சி. வி. இராமன் 1920-இல் சோதனையால் விளக்கினார். அக்கலைகளை ஒலிக்கும் கருவியையும் நாம் சோதித்தே ஏற்றல் தகும்.

செய்முறையோ கள்ளக்குறிச்சியாருக்கு அரிதன்று. இவ்வூர் மரச்சிற்பங்கள் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றன. தெய்வ உருவங்களைச் செதுக்கும் கைகளுக்கு வட்டத் துளையிடுதல் பெருஞ்செயலோ? 18 முதல் 25 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல ஒட்டுப்பலகை போதும். தனி மரப்பலகையாயின் ஈரக் காற்றில் வளைதல் கூடும். 8 அல்லது 10 அங்குலக் கூம்பு கொள்க. அதன் விவரத்தாளிற் க்யூ-டி-எஸ் என்னும் எண் 0.7-க்கு அணித்தாகவேனும் அதன் மேலாகவேனும் இருத்தல் நலம். துளையை நட்டநடுவில் இடாது சற்று விலக்கி இடுக. எல்லா விளிம்பும் ஒரே தூரத்தில் இருப்பின் பின்னொலி ஒருங்கே வந்து சில சுரங்களைக் கெடுக்கும். சிற்பவேலை காலிலும் சட்டத்திலும் அமையட்டும். பலகையின் முகம் வெறுமையாய் விளங்கட்டும்.

சிறு வீட்டில் இதற்கு இடமேது எனச் சிலர் வினவலாம். இரண்டு அறைகளுக்கு இடைப்பட்ட வாயிலை முற்றும் அடைக்குமாறு பலகையை நிறுத்தின், பின்னொலி அடுத்த அறையிற் செல்லும். அடியொலியும் ஓரளவு மீளும். அதுவும் இயலாதார் நல்ல பெட்டியையே கொள்வதிற் குற்றமில்லை. செய்து பார்த்தவர் பெட்டியையும் தெளிந்து தேர்வர்.

இவ்வளவும் பொழுதுபோக்கிற்காகவோ எனின், அன்று. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் மலையாளி மக்களின் முதியோர் நாவில் இன்னும் பாடல்கள் உள்ளன. அவர்தம் இசைவு பெற்று அவற்றைப் பதிவுசெய்து, நாம் செய்த பலகையின் வழியே அவர்க்கே கேட்பித்தல் வேண்டும். தம் குரல் தம் குரலாய் இருக்கின்றதென்று அவர் கூறுவதே உண்மையான தீர்ப்பு. சொல் சிதைந்து ஒலிக்குமாயின், பாடலைக் காத்தோம் என்பது வீண்பேச்சேயாம்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஒலியின் அளவை வரையறுக்கின்றன. ஆனால் சட்டம் முழக்கத்தை அடக்குமேயன்றிக் கேட்கும் பண்பைக் கற்பிக்கமாட்டாது. அதனைக் கற்பிக்க வேண்டியது வீடும் கல்லூரியுமே. ஆகவே, மாணவ அன்பர்காள், வரும் விடுமுறையில் இருவர் மூவராய்க் கூடிப் பலகை ஒன்று செய்யுங்கள். பெற்றோரையும் அயலாரையும் அழைத்து அதன்முன் அமர்த்துங்கள். மெல்லிய ஒலியில் ஒரு பாட்டை முழுவதும் கேளுங்கள்.