மெய்நிகர்ப் பொறிகளும் மேற்பார்ப்போர் கடனும்

தமிழாசிரியனுக்குக் கணனிக் கூடத்தில் என்ன வேலை என்று, இத் தலைப்பைக் கண்ட அன்பர் சிலர் நகைத்தல் கூடும். யாம் கணனி வல்லுநர் அல்லேம். பயிற்றப்பட்ட தமிழாசிரியராய்க் கரும்பலகையின் முன் நின்று இலக்கணம் ஓதுவதே எம் தொழில். ஆயினும், எம்மிடம் எழுவாயும் பயனிலையும் கற்றுச் சென்ற மாணவர் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நகரங்களிலும் வங்கிகளினதும் வணிக நிறுவனங்களினதும் சேவையகக் கணனிகளைப் பேணுவோராய் விளங்குகின்றனர். விடுமுறையில் ஊர் வரும்போது எம் வீட்டு விறாந்தையில் அமர்ந்து தம் தொழிலைப் பற்றி உரையாடுவர். அவ் வுரையாடல்களைக் கேட்டும், கேட்டவற்றை ஓரளவு படித்துத் தெளிந்தும், எம் உள்ளத்தில் உருப்பெற்ற கருத்தொன்றை இம் மலர் வாயிலாக வெளியிட விழைகின்றோம். அஃதாவது: பொறிகளைத் தாமே இயங்கச் செய்வோன், தான் இடும் கட்டளையைத் தெளிவுற எழுதவும், எழுதியதைப் பிறர் படித்துத் திருத்த இடங்கொடுக்கவும் கல்லானாயின், அப் பொறிகள் அவனுக்கும் அவனை நம்பினோர்க்கும் கேடு விளைத்தல் ஒருதலை.

மெய்நிகர்ப் பொறி என்பது யாது? முன்னாளில் ஒரு நிறுவனத்திற் சம்பளக் கணக்குக்கு ஒரு சேவையகம், கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று, களஞ்சியக் கணக்குக்கு ஒன்று எனத் தனித்தனிக் கணனிகள் நிறுவப்பட்டன. அவற்றுட் பல தம் வலிமையிற் சிறு பகுதியையே பயன்படுத்தி, மின்சாரத்தை மட்டும் குறைவின்றி உண்டு கிடந்தன. இந் நிலையை மாற்ற எழுந்ததே இம் முறை. வலிய கணனி ஒன்றின்மீது ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் அமர்ந்து, அதன் நினைவகத்தையும் செயலியையும் வட்டுகளையும் பகுத்துப் பல பொறிகளுக்கு அளிக்கின்றது. ஒரு பெரிய நாற்சார வீட்டிற் பல குடும்பங்கள் தத்தம் அறையிற் தனித்தனி அடுப்பு மூட்டி வாழ்வதுபோல, ஒவ்வொரு பொறியும் தானே தனிக் கணனி என்னும் நினைவோடு இயங்குகின்றது. அதன் உடல் முழுவதும் சில கோப்புகளே. ஆதலின் அதனைப் படியெடுக்கலாம். இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணனியினின்று மற்றொரு கணனிக்குப் பெயர்க்கலாம். ஒரு நொடியில் ஆக்கலாம். ஒரு நொடியில் அழிக்கவும் செய்யலாம்.

இது நேற்றுத் தோன்றிய புதுமை என எண்ணுதல் தவறு. அமெரிக்க நாட்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் சீ.பீ. 40 என்னும் அமைப்பை இயற்றி 1967ஆம் ஆண்டளவிற் பயன்படுத்தினர். அஃது ஒரே கணனியில் 14 மெய்நிகர்ப் பொறிகளை இயக்க வல்லது. அவர்களே 1972இல் வீ.எம். 370 என்பதனை வணிகத்துக்கு விட்டனர். 1998இல் தோன்றிய வீஎம்வெயர் நிறுவனம் சாதாரணச் சேவையகங்களுக்கும் இம் முறையை 2001இற் கொணர்ந்தது. இலவசமாக எவரும் எடுத்தாளத்தக்க கே.வீ.எம். என்பது 2007இல் லினக்ஸ் கருவோடு சேர்ந்தது. எளியார்க்கும் எட்டாத கனியாய் இருந்தது இன்று எல்லார் கைக்கும் எட்டியுள்ளது.

எளிமையே இங்கு முதற் சோதனை. பொருள் கொடுத்துப் பொறி வாங்கிய காலத்தில் அதனை வாங்குமுன் பத்து முறை எண்ணினர். இன்று ஒரு பொறியை ஆக்கக் கடிதமும் வேண்டா, காசோலையும் வேண்டா. பரீட்சார்த்தமாக ஒன்று, பழுது பார்க்க ஒன்று, மறந்துபோனது ஒன்று என அவை பல்கிப் பெருகுகின்றன. உரியவர் வேலையை விட்டுப் போனபின்னும் அவர் ஆக்கிய பொறி ஒரு மூலையில் இயங்கிக்கொண்டே இருக்கும். அதன் மென்பொருளைப் புதுப்பிப்பார் இலர்; அதன் கதவைப் பூட்டுவாரும் இலர். கள்வன் புகுவதற்கு அக் கதவொன்றே போதும்.

பொறிகள் பத்தாக இருக்கும்வரை கையாற் பேணலாம். முந்நூறு, நானூறு என்றாகும்போது கையும் கண்ணும் சோர்வுறும். ஒரே வேலையை நூறு முறை செய்வோன் நூறு முறையும் ஒரே வகையிற் செய்யான். ஆகவே தானியக்கம் வேண்டும் என்பதே எம் துணிபு. தானியக்கம் வந்தால் இளைஞர் வேலை இழப்பர் என்பாரும் உளர். அவர் அச்சத்தை யாம் புறக்கணிக்கவில்லை. எனினும், இரவு 2 மணிக்குக் கண்விழித்து ஒவ்வொரு பொறியாகத் திறந்து மூடும் வேலையைக் காப்பதினும், அவ் வேலையைப் பொறிக்கு எழுதிக் கொடுக்கும் அறிவை இளைஞர்க்கு அளித்தலே நன்று. எம் மாணவருட் கையால் உழைத்தவர் பதவி உயர்வின்றி நிற்பதையும், எழுதக் கற்றவர் உயர்ந்து செல்வதையும் கண்ணாரக் கண்டிருக்கின்றோம்.

இனி, எம் துறைக்கு வருவாம். தானியக்கக் கட்டளைகள் இருவகையின. முதல்வகை, “இதனைச் செய், பின் அதனைச் செய்” என்று வரிசையாகக் கூறுவது. இஃது ஏவல் வினை போன்றது. முன்னிலையில் நிற்பானை நோக்கியே ஏவல் பிறக்கும். அவன் அந் நேரத்தில் எந் நிலையில் உள்ளான் என்பதை ஏவல் வினவாது. “ஒரு பொறியை ஆக்கு” என்னும் கட்டளையைத் தவறி இருமுறை இட்டால் இரு பொறிகள் தோன்றும். இரண்டாம் வகை, “இவ்வாறு இருக்க” என்று வேண்டிய நிலையைக் கூறி அமைவது. இது வியங்கோள் போன்றது. மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவாய் நிற்பது வியங்கோள் என்பதை மாணவர் அறிவர். “இந் நிறுவனத்தில் மூன்று சேவையகங்கள் இருக்க, ஒவ்வொன்றும் இவ்வளவு நினைவகம் பெறுக” என்று எழுதிவிட்டால், இருப்பவற்றைக் கருவி எண்ணிப் பார்க்கும். மூன்றும் இருப்பின் வாளாவிருக்கும். இரண்டிருப்பின் ஒன்றை ஆக்கும். பத்து முறை ஓதினும் பயன் ஒன்றே. 2005இல் வந்த பப்பெற், 2012இல் வந்த அன்சிபிள், 2014இல் வந்த டெராஃபோம் முதலிய கருவிகள் பெரும்பாலும் இம் முறையையே போற்றுகின்றன. ஏவலினின்று வியங்கோளுக்கு ஏறிய ஏற்றமே இத் துறையின் பெரும் வளர்ச்சி என்பது எம் கருத்து.

ஆயினும், வியங்கோளும் எழுதுவோன் கையிலேயே உள்ளது. வாழ்க என்று எழுத எண்ணியவன் வீழ்க என்று எழுதிவிட்டால் கருவி அதனையும் பிழையின்றி நிறைவேற்றும். இதற்கு உலகறிந்த சான்றுகள் இரண்டு கூறுவாம்.

அவுஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியம் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களை உடையது. அந் நிதியத்தின் மெய்நிகர்ப் பொறிகள் கூகிள் கிளவுட் நிறுவனத்தின் கூடத்தில் இயங்கின. அவற்றை அமைத்த காலத்தில் கூகிள் நிறுவனத்து அலுவலர் உட்கருவி ஒன்றில் ஓர் இடத்தை நிரப்பாது வெறுமையாக விட்டனர். வெறுமையைக் கண்ட கருவி, குறித்த தவணை முடிந்ததும் அழிக்க என்று தானே பொருள் கொண்டது. தவணை முடிந்தது, 2024 மே மாதத் தொடக்கத்தில் அப் பொறிகள் எச்சரிக்கை யாதுமின்றி அழிந்தன. ஏறக்குறைய ஒரு கிழமை உறுப்பினர் தம் கணக்கைக் காண இயலாது தவித்தனர். நிதியத்தார் வேறொரு நிறுவனத்திடமும் காப்புப்பிரதி வைத்திருந்தமை அவர்களுக்குப் பேருதவியாயிற்று. எழுதாத ஒரு சொல் விளைத்த கேடு இது.

மற்றையது எழுதிய சொல் விளைத்தது. அற்லாசியன் நிறுவனத்தில் 2022 ஏப்பிரல் 5ஆம் திகதி, பழைய செயலி ஒன்றை மட்டும் நீக்குமாறு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டப்பட்டது. செயலிகளின் அடையாள எண்களைக் கொடுக்க வேண்டிய இடத்தில், வாடிக்கையாளரின் தளங்கள் முழுவதற்குமுரிய எண்களைக் கொடுத்துவிட்டனர். 23 நிமிடத்தில் 775 வாடிக்கையாளரின் 883 தளங்கள் நீங்கின. சிலர்க்கு அவற்றை மீட்டுக் கொடுக்க 14 நாட்கள் சென்றன. கட்டளையை ஒருவர்க்கு இருவர் சரிபார்த்தே ஓட்டினர்; ஆனால் கட்டளையின் அமைப்பைப் பார்த்தவர், அது குறிக்கும் பொருள் யாதென எண்களைப் பார்த்திலர். வினையைப் பிழையறத் திருத்தி, செயப்படுபொருளை மறந்துவிடும் மாணவனை ஆண்டுதோறும் யாம் காண்கின்றோம். வகுப்பறையில் அதற்கு அரைப்புள்ளி குறையும். சேவையகக் கூடத்திலோ பிறர் வாழ்வு குறையும்.

நம் நாட்டையும் நோக்குவாம். 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரச மேகக் கணனிச் சேவை, பணயம் கேட்கும் தீநிரலாற் தாக்கப்பட்டது. சேவையை விரைவில் மீண்டும் இயக்கினர். எனினும் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள காலத்துக்குக் காப்புப்பிரதி இல்லாமையால், ஏறக்குறைய 5000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் அக்காலக் கடிதங்கள் இழக்கப்பட்டன. பொறியை மீட்டல் வேறு, பொருளை மீட்டல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் உண்டோ?

இவ்விடத்து இளைஞர் பலர் மயங்கும் ஒன்றையும் சுட்டுதல் கடன். மெய்நிகர்ப் பொறியின் ஒரு கண நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷொட் என்பதனைக் காப்புப்பிரதி எனக் கொள்வோர் உளர். அது காப்புப்பிரதி அன்று. மூல வட்டைச் சார்ந்தே அது வாழும். மூலம் கெடின் அதுவும் கெடும். நாட்பட நாட்படப் பருத்து, வட்டு முழுவதையும் நிரப்பிப் பொறியை முடக்கவும் செய்யும். ஒரு ஸ்னாப்ஷொட்டை 72 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாதென வீஎம்வெயர் நிறுவனத்தாரே அறிவுறுத்தியுள்ளனர். படிகள் மூன்று, அவை இருவகைச் சாதனத்தில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்னும் எளிய விதியே நம்பத்தக்கது. அங்ஙனம் வைத்த படியினின்று மீட்டுப் பாராதவன், விதைநெல்லைச் சோதியாது விதைப்பவனை ஒப்பான்.

ஆகவே, நிறுவனங்களிற் பொறுப்பேற்றுள்ள பழைய மாணவர்க்கு யாம் கூற விழைவன சில. ஒவ்வொரு பொறிக்கும் உரியவர் பெயரும், அது முடிவுறும் நாளும் ஏட்டில் இருக்க. கட்டளைகள் யாவும் தனியொருவர் கணனியிற் கிடவாது, திருத்த வரலாற்றுடன் பொது இடத்தில் இருக்க. அழிக்கும் கட்டளை எதனையும் இரண்டாமவர் ஒருவர் படிக்க. படிப்பவர் வினையோடு செயப்படுபொருளையும் படிக்க. செய்யுமுன், என்ன நிகழும் என்று கருவியையே கேட்டுப் பார்க்கும் ஒத்திகை நடைபெறுக. முதலில் ஒரு பொறியிலும், பின் பத்திலும், அதன் பின்னரே எல்லாவற்றிலும் மாற்றம் செல்க. வெறுமையாக விட்ட இடத்துக்குக் கருவி என்ன பொருள் கொள்ளும் என்பதை எழுதுவோர் அறிக. இவை பெரும் பொருட் செலவை வேண்டாதன. பொறுமையை மட்டுமே வேண்டுவன.

இவ்வளவும் கூறியது பிறர்க்கு மட்டும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரியில் நூலகப் பதிவேட்டைக் கணனியில் ஏற்றினோம். அதனை அமைத்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். கடவுச்சொல்லும் அவரோடு சென்றது. எழுதி வைக்குமாறு அவரைக் கேளாத குற்றம் எம் அனைவரதும் ஆகும். மாணவர் மீண்டும் முதலிலிருந்து நூல்களை எண்ணினர். இன்று இவ் விழாவையொட்டிப் பழைய மாணவர் சங்கத்தார் கல்லூரிக்குப் புதிய சேவையகம் ஒன்றை வழங்க எண்ணியுள்ளனர் என அறிந்து மகிழ்கின்றோம். அதில் நூலகத்துக்கு ஒரு பொறி, பழைய மலர்களின் படங்களுக்கு ஒரு பொறி, மாணவர் பழகுதற்குச் சில பொறிகள் என அமைத்தல் எளிது. அதற்கு இலவச மென்பொருள்களே சாலும். ஆனால் அன்பளிப்போடு மூன்று வாக்குறுதிகளையும் சங்கத்தாரிடம் வேண்டுகின்றோம். அமைப்பு முழுவதையும் தமிழில் எழுதிய ஏடு ஒன்று அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். ஒரு படி கல்லூரிக்கு வெளியே இருத்தல் வேண்டும். தவணைக்கு ஒருமுறை உயர்வகுப்பு மாணவர் தம் கையாலேயே அப் படியினின்று ஒரு பொறியை மீட்டுக் காட்டுதல் வேண்டும். இம் மூன்றும் இல்லையேல், அச் சேவையகத்தை வாங்காதிருத்தலே மேல் என்று துணிந்து கூறுவோம்.

மாணவச் செல்வர்காள்! தமிழ்ப் பாடம் வயிற்றுப் பிழைப்புக்கு உதவாது என்று நும்மிற் சிலர் எண்ணுகின்றீர். கட்டளை எழுதுவோனுக்குச் சொல்லின் பொருள் எல்லை தெரிதல் வேண்டும். சொல்லாது விட்டதன் பொருளும் தெரிதல் வேண்டும். அதனை எம் வகுப்பிற் கற்பிக்கின்றோம். பொறி நும் சொல்லைக் கேட்கும்; நும் கருத்தைக் கேளாது. ஆதலின், கருத்தும் சொல்லும் ஒன்றாக எழுதப் பழகுமின்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.